கடிதத்தாள்

இன்னும் முந்நூற்றுப் பதினொரு தாள் கிடக்குது.
மேலே நீல எழுத்தில்
கௌரவ சி. குலவீரசிங்கம், மாகாண சபை உறுப்பினர்.
பெயருக்கும் பதவிக்கும் நடுவில்
ஒரு விரல் அகல வெள்ளை.
அதற்குள் நான் பேனையால் எழுதுகிறேன்:
முன்னாள்.
சிறிதாக. கொஞ்சம் சரிவாக.
புதிதாக அடித்துத் தரலாம் என்றார் அச்சகக்காரர்.
"இருக்கிறதை முதலிலை முடியுங்கோ" என்றார் இவர்.

பிரதேச சபைக்கு முதல்முதல் கேட்டபோது
இருபத்தாறு வாக்கில் போனது.
ஆறுதல் சொல்ல வந்த சனத்துக்கு
வீட்டில் ஆளில்லை.
பண்டத்தரிப்புச் சந்தியில்
மீன்வெட்டும் கத்தியோடும் ஒரு வாளித் தண்ணீரோடும்
தன் முகத்தைத் தானே சுரண்டிக்கொண்டு நின்றார்.
கோதுமை மாப் பசை விடவில்லை.
நெற்றி வந்தது. மீசை வரவில்லை.
சங்கக் கடைச் சுவரில் அந்த மீசை
மூன்று மாரி இருந்தது.

பிறகு மாகாண சபை. விருப்பு இலக்கம் ஒன்பது.
ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி
ஒழுங்கை ஒழுங்கையாய் ஒன்பதைக் கொண்டுபோனோம்.
நாய்கள்தான் கடைசிவரை கூட வந்தன.
பகல் மேடையில் பக்கத்துக் கதிரையிலிருந்து
இவர் தோளில் கைபோட்ட நாலாம் இலக்கம்
இரவில் ஆள்விட்டு
ஒன்பதின் மேல் நாலை ஒட்டுவித்தது.
விடிந்தால் மதிலெல்லாம் நாலு,
அடியில் ஈரத்தோடு ஒன்பது.
"சின்னம் ஒண்டுதானே" என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

வாக்கெண்ணி முடிய விடிய நாலரை.
நாலைவிட ஒன்பது நூற்றிமூன்று கூட.
கட்சிக்குக் கிடைத்த கடைசி ஆசனம்.
பிளாஸ்கில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.
போன் எடுத்துச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "நீ சாப்பிட்டனியோ?"

ஐந்து வருடம்.
பெரிய சொற்கள் உள்ள பிரேரணைகளுக்கெல்லாம்
கை உயர்த்தினார்.
அவை கொழும்புக்குப் போய்
ஏதோ ஒரு அலுமாரியில் ஏறிக்கொண்டன.
தன் பங்குக்கு
ஒரு மதகைப் பற்றி ஏழு நிமிடம் கதைத்தார்,
மணி அடித்த பிறகும்.
மதகு வந்தது. கல் வந்தது. கல்லில் பெயர்.
இப்போது முன்னெழுத்தோடு குலமும் உதிர்ந்து
வீரசிங்கம் மட்டும் நிற்கிறது.
பொடியள் அதில் சைக்கிளைச் சாத்துகிறார்கள்.

ஓர் ஐப்பசி நள்ளிரவில்
சபையின் காலம் முடிந்தது.
தேர்தல் வரவில்லை.
அடுத்த வருடமும். அதற்கடுத்ததும்.
தோற்றிருந்தால்
கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருப்பார்.
சுரண்டுவதற்கு ஒன்றுமில்லை.
"தையிலை வைப்பாங்களாம்" என்று பேப்பர் எழுதினால்
வேட்டி லோண்டரிக்குப் போகும்.
தை போகும்.
வேட்டி மடிப்போடு மஞ்சளிக்கும்.

இன்று காலை மாதகலில் இருந்து செபமாலையம்மா.
மகனின் கோவை, ஒரு புடவைக்கடைப் பைக்குள்.
பதினைந்தாவது கடிதம் கேட்டு வந்திருக்கிறா.
முந்திய பதினாலுக்கும்
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்ற ஒரே பதில்;
அவற்றையும் திகதிப்படி அடுக்கி வைத்திருக்கிறா.
நான் பேனையை எடுக்க
என் கையைப் பிடித்தா.
"அந்தச் சொல்லைப் போடாதை பிள்ளை.
அதைக் கண்டா உள்ளை எடுக்கமாட்டாங்கள்."

நியாயம்தான். நான் இவரைப் பார்த்தேன்.
தாளை வாங்கினார். கண்ணாடியைச் சேட்டில் துடைத்தார்.
அந்த ஒரு விரல் வெள்ளைக்குள்
என் எழுத்தைவிடப் பெரிதாக
முன்னாள் என்று தானே எழுதினார்.
கையெழுத்து வைத்தார்.
"எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.
"இதைத் தபாலிலை போடேலாது. நானும் வாறன்."

உள்ளே போய்
தேர்தலுக்கென்று வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.
செபமாலையம்மா அதற்குள் படலையைத் திறந்து
ஒழுங்கையில் இறங்கிவிட்டா.
பின்னால் இவர்,
மடிப்புக் கிடந்த இடத்தில்
நெடுக ஒரு மஞ்சள் கோடு.